விண்ணரசும் கத்தரியும்

‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ என்ற பெயரில் இரண்டு திரைப்படங்கள் உள்ளன. இரண்டையும் இயக்கியவர் ரிட்லி ஸ்காட். இரண்டிலும் நடித்தவர்கள் அதே நடிகர்கள். கதையை எழுதியவர் அதே வில்லியம் மோனகன். படமெடுக்கப்பட்ட இடங்களும் அதே மொராக்கோ, எஸ்பானிய மண்தான். 2005 மே மாதத்தில் உலகெங்கும் திரையிடப்பட்ட முதல் படம் 144 நிமிடம் ஓடியது. அவ்வாண்டு டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் மிகச் சிலரே காணும்படி காட்டப்பட்டு, 2006 இல் நான்கு தகடுகளாக வெளிவந்த இரண்டாம் படம், முகப்பிசையும் இடைவேளையும் உட்பட 194 நிமிடம். முதலாவதைக் கண்டவர்கள் அதை ஒரு போர்ப்படம் என்று கூறி மறந்தார்கள். இரண்டாவதைக் கண்டவர்களோ அதே இயக்குநரின் மிகச் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக அதனை எண்ணுகிறார்கள். ஏறத்தாழ ஐம்பது நிமிடக் காட்சிகள் ஒரு படைப்பின் தலைவிதியை இவ்வளவுக்கு மாற்றக்கூடுமா என்பதே இக்கட்டுரைக்கு முதல் தூண்டுதல். மாற்றியது எது, மாறாமலே நின்றுவிட்டது எது என்ற கேள்வி அதன்பின் எழுந்தது. அப்படம் சொல்வது நம் திருச்சபையின் வரலாற்றில் இன்றும் ஆறாத ஒரு பகுதியை, எருசலேமின் இலத்தீன் அரசு 1187 இல் வீழ்ந்த கதையை. ஆதலால் அக்கேள்வியைத் திரைத்துறையாரிடம் மட்டும் விட்டுவிட முடியவில்லை.

வெட்டியதன் காரணம் பெரிய மறைபொருள் அன்று. நீளமான படம் ஒரு நாளில் குறைந்த தடவைகளே ஓடும். சீட்டு வருமானம் குறையும். சிலுவைப் போர் வீரன் ஒருவனின் சாகசமும் காதலும் இருந்தால் மக்கள் வருவார்கள், அரசியலும் இறையியலும் இருந்தால் வரமாட்டார்கள் என்பது தயாரித்த நிறுவனத்தின் கணிப்பு. மூன்று மணிநேரப் படத்தை இடைவேளையோடு பார்த்துப் பழகிய நம்மவர்களுக்கு இந்த அச்சம் சற்றே வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் மேலைநாட்டுத் திரையுலகில் இது பழைய நோய். டேவிட் லீன் இயக்கிய ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 1962 இல் வெளிவந்த சில வாரங்களிலேயே குறைக்கப்பட்டு, பின்னர் மறுவெளியீட்டின்போது மேலும் குறைக்கப்பட்டது. சிதறிய படச்சுருள்களைத் தேடித் திரட்டி அதனை மீட்டு 1989 இல் மீண்டும் திரையிட வேண்டியதாயிற்று.

கத்தரி எப்போதும் வணிகரின் கையில் மட்டும் இருந்ததாகவும் கொள்ள வேண்டாம். புனித ஜோன் ஆஃப் ஆர்க் விசாரிக்கப்பட்டதைக் கார்ல் டிரேயர் 1928 இல் மௌனப் படமாக எடுத்தபோது, பிரான்சில் அதனை வெட்டச் செய்தவர்களுள் அரசுத் தணிக்கையாளரோடு பாரிஸ் பேராயரும் இருந்தார். ஜோன் புனிதையாக உயர்த்தப்பட்டு எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை எரித்த தீர்ப்பில் திருச்சபையினர் அமர்ந்திருந்ததைத் திரையில் காண மனம் ஒப்பவில்லை போலும். அப்படத்தின் மூலச்சுருள் தீக்கிரையாயிற்று. மறைந்துபோயிற்று என்று அனைவரும் கைவிட்ட முழுமையான படி ஒன்று 1981 இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியிலிருந்து வெளிப்பட்டது. வெட்டப்பட்டது எங்கோ காத்திருக்கிறது என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இனி, எருசலேமுக்கு வருவோம். 1099 ஜூலை 15 ஆம் நாள் முதலாம் சிலுவைப் போர்ப் படையினர் அந்நகரைப் பிடித்து, அதன் மக்களுள் பெருந்தொகையினரை வாளுக்கு இரையாக்கி அமைத்த அரசு அது. 1174 இல் அதன் அரியணை ஏறியவர் நான்காம் பால்டுவின், வயது பதின்மூன்று. அவருக்குத் தொழுநோய். சிறுவனாயிருந்தபோது, அவருடைய ஆசிரியரும் பின்னாளில் தீர் நகரப் பேராயருமான வில்லியமே அதைக் கண்டுபிடித்தார். விளையாட்டில் சிறுவர்கள் ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கிள்ளியபோது மற்றவர்கள் அலறினார்கள், பால்டுவினோ அசையவில்லை. முதலில் அதைப் பொறுமை என்று நினைத்த ஆசிரியர், பிறகு சோதித்துப் பார்த்து, வலக்கையிலும் புயத்திலும் ஏறத்தாழப் பாதிக்கு உணர்ச்சியே இல்லை என்று அறிந்தார். இந்தச் செய்தியை அவர் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கும் பாங்கில், எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஓர் ஆசிரியரின் கலக்கம் தெரிகிறது. அந்தச் சிறுவன்தான் பதினாறு வயதில் மோன்ட்கிசார் போர்க்களத்தில் சலாவுதீனை முறியடித்தார். இருபத்துநான்கு வயது நிறையுமுன் 1185 இல் இறந்தார். படத்தில் அவர் வெள்ளி முகமூடி அணிந்து வருகிறார். அம்முகமூடிக்கு வரலாற்றுச் சான்று இல்லை. எனினும், அதன் பின்னிருந்து பேசும் எட்வர்ட் நார்ட்டனின் குரல் அந்த அரசருக்கு நியாயம் செய்கிறது என்றே சொல்வேன்.

அரசருக்கு ஒரு தமக்கை, சிபில்லா. குறுகிய படத்தில் அவர் அழகிய அரசகுமாரி. வெறுக்கத்தக்க கணவனாகிய லூசிஞான் கீயை மணந்தவர். இபெலின் பாலியன் மீது காதல் கொள்கிறார். தம்பி இறந்ததும் முடிசூடுகிறார். முடியைக் கணவனுக்குக் கொடுக்கிறார். திடீரென்று தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டு, பித்துப் பிடித்தவர்போல் ஆகிவிடுகிறார். ஏன் என்று நமக்கு விளங்குவதில்லை. காதலனைப் பிரிந்த துயரம் என்று கொள்ளலாம். ஆனால் அவ்வளவு பெரிய சிதைவுக்கு அவ்வளவு சிறிய காரணம் போதவில்லை. 2005 இல் எழுதிய திறனாய்வாளர் பலர் அந்தப் பாத்திரம் வெறுமையாயிருக்கிறது என்று குறைகூறியதில் வியப்பில்லை.

நீண்ட படத்தில் அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். ஐந்தாம் பால்டுவின், முதல் கணவருக்குப் பிறந்தவன். முதல் படத்திலிருந்து இந்தக் குழந்தையை முழுவதுமாக நீக்கியிருந்தார்கள். ஒரு காட்சியிலும் அவன் இல்லை. இரண்டாம் படத்தில் மாமனுக்குப் பின் அவன் முடிசூடுகிறான். அரச ஆணையில் முத்திரையிடும்போது உருகிய அரக்கு அவன் கையில் சொட்டுகிறது. பிள்ளை கையை இழுக்கவில்லை. தாய் அதைப் பார்க்கிறாள். அந்த ஒரு நொடியில் நடிகை ஏவா கிரீனின் முகத்தில் நிகழ்வதே இப்படத்தின் நடுநாடி. தம்பியின் உடல் ஆண்டுக்கு ஆண்டு அழுகியதைப் பார்த்தவள் அவள். முகமூடியின் பின்னால் என்ன இருக்கிறது என்று அறிந்தவள். மகனுக்கும் அதே வாழ்வா? தோட்டத்தில் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு அவன் காதில் நஞ்சை ஊற்றுகிறாள். அதன்பிறகு வருகிற மயிர் கத்தரிப்பும், கண்ணாடியில் தன் முகத்தையே காணவொண்ணாத தவிப்பும், முற்றுகையின்போது காயமுற்றவர்களிடையே பெயரற்றவளாக நடமாடுவதும், குறுகிய படத்தில் பொருளற்று நின்ற அத்தனையும் இப்போது ஒரு தாயின் பாவமும் தவமும் ஆகின்றன.

அக்காட்சியை நான் ஏற்கவில்லை என்று இங்கேயே சொல்லிவிட வேண்டும். துன்பத்தைத் தவிர்க்கத் துன்புறுபவனையே அகற்றிவிடும் அந்த இரக்கம் இன்று மருத்துவமனைகளின் வாயிலிலும் சட்டமன்றங்களிலும் வந்து நிற்கிறது. அதன் முகம் எப்போதும் கனிவானதாகவே இருக்கிறது. ஆனால் படம் அதைப் புகழவில்லை. தான் செய்தது அன்பினால் என்று சிபில்லாவுக்குத் தெரியும். அது தன்னைக் காப்பாற்றவில்லை என்பதும் தெரியும். ஓர் அறநெறி இறையியல் வகுப்பில் பல மணிநேரம் விளக்கினாலும் புரியவைக்க முடியாத ஒன்றை, அரக்குச் சொட்டும் அசையாத கையும் காட்டிவிடுகின்றன. வெட்டியவர்கள் இதையே வெட்டினார்கள். குழந்தையின் சாவு பார்வையாளரைக் கலங்கடிக்கும் என்று அஞ்சியிருக்கலாம். கலங்கடித்திருக்கத்தான் வேண்டும்.

மற்றொரு வெட்டு நம்மைப் போன்றவர்களை இன்னும் நேராகத் தொடுகிறது. படம் பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தொடங்குகிறது. கொல்லனான பாலியனின் மனைவி, தன் குழந்தையை இழந்த துயரில் தற்கொலை செய்துகொண்டவள். அவளைப் புதைக்குமுன் தலையை வெட்டிவிட ஆணையிடுகிறார் ஊர்க் குரு. அவள் கழுத்திலிருந்த சிலுவையையும் எடுத்துக்கொள்கிறார். பின்னர் உலைக்களத்தில் வந்து, அவள் நரகத்திலிருக்கிறாள் என்று பாலியனைக் குத்திப் பேசுகிறார். பாலியன் அவரைக் கொன்று எருசலேமுக்கு ஓடுகிறான். குறுகிய படத்தில் நாம் காண்பது இவ்வளவே: குரு, பேராசை, குரூரம். அங்கி அணிந்தவன் கெட்டவன். அவனைக் கொன்றவன் நல்லவன். அந்நாளில் இதைப் பார்த்த கத்தோலிக்கர் பலர் இது நம்மேல் வீசப்பட்ட மற்றொரு கல் என்று கருதினர். நானும் அவர்களோடு கருத்து வேறுபட்டவனல்லன்.

நீண்ட படத்தில் அக்குரு பாலியனின் சகோதரர். ஒரே தாயின் மக்கள் இருவர்; ஒருவனைத் தேடி உயர்குலத் தந்தை வந்து நிற்கிறார், மற்றவனைத் தேடி எவரும் வரவில்லை. ஊர்த் தலைவர் குடும்பத்தில் வாரிசுரிமையைப் பற்றிய பேராசையும் பின்னணியில் புகைந்துகொண்டிருக்கிறது. இப்போது உலைக்களத்தில் நடப்பது காயின் ஆபேலின் கதை. கொல்லப்பட்டவர் முதலில் ஒரு தம்பி, பிறகே குரு. அவருடைய கொடுமைக்கு வேர் அங்கியில் இல்லை, வீட்டில் இருக்கிறது. பாலியன் எருசலேமுக்குச் சுமந்து செல்லும் பழியும் அதனால் பன்மடங்கு கனக்கிறது. கத்தரித்தவர்கள் உறவை வெட்டியெறிந்துவிட்டு அங்கியை மட்டும் விட்டுவைத்தார்கள். திருச்சபையின்மேல் பகையினால் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை, அவசரத்தினால் செய்தார்கள். ஒரு மனிதனை அவனுடைய உறவுகளிலிருந்து பிரித்தெடுத்தால் மிஞ்சுவது சீருடைதான். நாமும் பிற சமயத்தவரைப் பற்றியும் பிற சாதியினரைப் பற்றியும் பேசும்போது இதே கத்தரியைத்தான் பயன்படுத்துகிறோம்.

தற்கொலை செய்துகொண்டவரின் அடக்கம் பற்றி ஒரு சொல். படம் காட்டுவது மிகையானாலும், அடிப்படை பொய்யன்று. 1917 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, தெளிந்த மனத்தோடு தம்மைத்தாமே மாய்த்துக்கொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983 ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்வரி இல்லை. 1992 இல் வெளியான மறைக்கல்வி ஏடு, அத்தகையோரின் மீட்பைக் குறித்து நம்பிக்கையிழக்க வேண்டாம் என்றும், திருச்சபை அவர்களுக்காக மன்றாடுகிறது என்றும் கற்பிக்கிறது. சட்டம் மாறி நாற்பது ஆண்டுகள் கடந்தபின்பும், கல்லறைத் தோட்டத்தின் சுவரோரமாக ஓர் இடம் பார்க்கட்டுமா என்று தாழ்ந்த குரலில் கேட்கும் குடும்பங்கள் உண்டு என்பதைப் பங்குப்பணியில் இருப்போர் அறிவர்.

பாலைவனத்தில் நிகழும் ஒரு சிறு காட்சியையும் நீண்ட வடிவமே நமக்குத் தருகிறது. பாலியன் எறிந்த கல் பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. காய்ந்த புதர் ஒன்று பற்றியெரிகிறது. இதோ உங்கள் மோசே, இது பேசக் கேட்கவில்லையே என்ற பொருள்பட அவன் கசப்போடு சொல்லுகிறான். அருகிலிருக்கும் மருத்துவச் சபை வீரர் வாதிடவில்லை. பேசவில்லை என்பதால் கடவுள் இல்லையென்று ஆகிவிடாது என்கிறார். நகர மக்களைக் காக்கும் கடமையை நினைவூட்டுகிறார். செபிக்கப் போகிறேன் என்கிறார். பாலியன் திரும்பிப் பார்க்கையில் அவரைக் காணோம். சமய ஐயத்தையே சமயமாகக் கொண்ட படம் என்று பெயரெடுத்த ஒன்றில், இப்படி ஒரு வாயில் திறந்து கிடந்ததைக் குறுகிய வடிவத்தைப் பார்த்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

இயக்குநரின் வடிவமே மூலம், ஆகவே அதுவே உண்மை என்று இதிலிருந்து முடிவுகட்டத் தோன்றும். இங்கேதான் ஒரு நிதானம் தேவைப்படுகிறது. குருமடத்தில் விவிலியம் பயின்றோர் அனைவரும் யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத் தொடக்கத்தில் சற்றே தயங்கி நின்றிருப்பார்கள். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் நிகழ்ச்சி மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப்படிகளில் இல்லை. புனித அகுஸ்தினார், பெண்கள் துணிந்துவிடுவார்கள் என்று அஞ்சிய நம்பிக்கை குன்றிய சிலர் அதனை வெட்டிவிட்டார்கள் என்று எழுதினார். இன்றைய அறிஞருள் பெரும்பாலோர் அதற்கு மாறாக, அது யோவானின் நூலில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்கிறார்கள். வெட்டப்பட்டதோ சேர்க்கப்பட்டதோ, திருச்சபை அதனை இறைவார்த்தையாகவே ஏற்று வாசிக்கிறது. எது முதலில் எழுதப்பட்டது என்ற கேள்வியும் எது உண்மை என்ற கேள்வியும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்பதை அந்தப் பன்னிரண்டு வசனங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

அந்த இரண்டாம் கேள்வியை நீண்ட படத்திடம் கேட்டால் அது தடுமாறுகிறது. ஐந்தாம் பால்டுவின் என்ற சிறுவன் உண்மையிலேயே இருந்தான். ஆகவே அவனை மீட்டது வரலாற்றுக்குச் செய்த நீதிதான். 1183 இல் மாமன் உயிரோடிருக்கையிலேயே இணை அரசனாக முடிசூட்டப்பட்டு, 1186 இல் ஏறத்தாழ எட்டு வயதில் ஆக்கர் நகரில் இறந்தான். திருக்கல்லறைப் பேராலயத்தில் அவனுக்கு அமைத்த கல்லறை, வேலைப்பாட்டில் அங்கிருந்த அரசர் கல்லறைகளையெல்லாம் விஞ்சியதாம். 1808 ஆம் ஆண்டுத் தீ விபத்தை அடுத்து அது அழிந்துபோனது. ஆனால் அவனுக்குத் தொழுநோய் இருந்ததென்று எந்த நாளாகமமும் சொல்லவில்லை. தாய் நஞ்சிட்டாள் என்பதற்கோ துளியும் சான்றில்லை. ஐயப்பட்ட அக்கால எழுத்தாளர் ஒருவர்கூட வேறொரு கோமகனையே ஐயப்பட்டார். ஆக, படத்தை மேன்மையாக்கிய அதே காட்சி, எண்ணூறு ஆண்டுகளாகத் தமக்காகப் பேச நாவின்றிக் கிடக்கும் ஒரு பெண்ணின்மேல் பிள்ளைக்கொலைப் பழியைச் சுமத்துகிறது. குறுகிய படம் சிபில்லாவை வெறுமையாக்கியது. நீண்ட படம் அவரை நிறைவாக்கி, கொலைகாரியுமாக்கியது. எந்த வடிவத்துக்கு அவர் நன்றி சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான சிபில்லாவின் கதை திரையில் இன்னும் எவராலும் காட்டப்படவில்லை. மகன் இறந்தபின் அவர் அரசியாவதற்குப் பெருமக்கள் ஒரு நிபந்தனை விதித்தனர்: கணவன் கீயை விலக்கிவிட வேண்டும். அவர் இசைந்தார், தாமும் ஒரு நிபந்தனை வைத்தார், அடுத்த கணவனைத் தாமே தெரிந்துகொள்ள உரிமை வேண்டும் என்று. முடி தலையில் ஏறியது. அடுத்த கணவன் யார் என்று அவை காத்திருக்க, அவர் கீயையே அழைத்து, மணிமுடியை அவர் தலையில் வைத்தார். அரசியல் நோக்கில் பார்த்தால் அது பேரழிவு; அந்தக் கீயின் தலைமையில்தான் 1187 ஜூலை 4 அன்று ஹத்தீனில் நீரற்ற வெயிலில் படை அழிந்தது, திருச்சிலுவையின் திருப்பண்டமும் பறிபோயிற்று. ஆனாலும் தோற்றுச் சிறைப்பட்ட கணவன் 1188 இல் விடுதலையானபோது அவரோடு போய்ச் சேர்ந்தார் சிபில்லா. ஆக்கர் முற்றுகைப் பாசறையில் கொள்ளைநோய் கண்டு 1190 இல் தம் சிறு பெண்மக்கள் இருவரோடும் இறந்தார். படத்திலோ அவர் பாலியனோடு பிரான்சுக்குக் குதிரையேறிப் போகிறார். உண்மையான பாலியன், கிழக்கிலேயே பிறந்த பெருங்குடியினர். கொல்லருமல்லர், சிபில்லாவின் காதலருமல்லர். அவர் மனைவி மரியா கொம்னேனா, சிபில்லாவின் சிற்றன்னை. மணவாழ்வின் பிணைப்பை நாட்டு நலனுக்கும் மேலாகப் பற்றிநின்ற ஒரு பெண்ணைத் திரைக்கதை கணவனை வெறுத்தவளாக மாற்றியதைப் பார்க்கும்போது, எந்தக் கத்தரி கொடியது என்று கேட்கத் தோன்றுகிறது.

முதுபெரும் தந்தை எராக்கிலியுசின் நிலையும் இதுவே. இரு வடிவங்களிலும் அவர் கோழை. மதம் மாறி உயிர்பிழைப்போம், பிறகு மனம் வருந்திக்கொள்ளலாம் என்று சொல்லுபவர். வரலாற்றில் அவர் புனிதரல்லர். ஒழுக்கம் பற்றி அக்காலத்திலேயே கசப்பான கதைகள் உலவின. நகரைவிட்டு வெளியேறுகையில் ஆலயச் செல்வங்களை ஏற்றிச் சென்றதை இசுலாமிய எழுத்தாளரும் குறித்திருக்கின்றனர். ஆனால் பணயத்தொகை கட்ட இயலாத ஏழைகளுக்காக அவரும் பாலியனும் தம்மைப் பிணையாகக் கொடுக்க முன்வந்தனர் என்பதும் அதே ஏடுகளில் இருக்கிறது. சலாவுதீன் அதை ஏற்கவில்லை. படம் வெளியானபோது, சிலுவைப் போர் ஆய்வில் முதன்மையானவராக விளங்கிய கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோனத்தன் ரைலி-ஸ்மித் அதனைக் கடுமையாகச் சாடினார். அவர் சாடியதன் பெரும்பகுதி சரியே. எனினும், ஐம்பது நிமிடங்கள் கூடியபின்னும் அவருடைய குற்றச்சாட்டுகளுள் ஒன்றுகூடத் தீரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இயக்குநர் மீட்டது தம் படத்தை, அது வரலாறாகிவிடவில்லை.

இவற்றையெல்லாம் சொல்லி, படம் நம்மைத் தவறாகக் காட்டிவிட்டது என்று ஆறுதலடைவது எளிது. நம் முன்னோர் அந்த ஆறுதலைத் தேடவில்லை. ஹத்தீன் தோல்விச் செய்தியின் நிழலில் 1187 அக்டோபரில் திருத்தந்தையான எட்டாம் கிரகோரி, இரண்டு மாதம்கூட ஆட்சி செய்யாதவர், அம்மாத இறுதியில் விடுத்த மடல் புதிய சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தது உண்மை. ஆனால் அம்மடல் தோல்வியின் காரணத்தை எதிரியின் வலிமையில் தேடவில்லை. கீழைநாட்டுக் கிறிஸ்தவரின் பாவங்களோடு மேலைநாட்டினரின் பாவங்களையும் சேர்த்துத் தேடி, நோன்புக்கும் மனமாற்றத்துக்கும் அழைத்தது. எண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2000 மார்ச் 12 ஆம் நாள், புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையைக் காக்கும் பெயரால் திருச்சபையின் மக்கள் கைக்கொண்ட வன்முறைக்காக இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். இசுலாமியரை மதிப்போடு நோக்கி, பழைய பகைகளைக் கடந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ளப் பணித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965 ஆம் ஆண்டு அறிக்கையே அதற்கு முன்னோடி. நினைவைத் தூய்மைப்படுத்துதல் என்று திருத்தந்தை அதற்குப் பெயரிட்டார். அதில் எதையும் வெட்டக் கூடாது, கூட்டவும் கூடாது, அதுதான் கடினம்.

ஏனெனில் இரண்டு படங்களும் ஒருமித்து வெட்டிய ஒன்று உண்டு. படத்தின் முடிவில் பாலியன் நகரை ஒப்படைக்கிறான். அங்குள்ள ஒவ்வோர் உயிரையும் கிறிஸ்தவ நாடுகளுக்குப் பத்திரமாக அனுப்புவதாகச் சலாவுதீன் உறுதி கூறுகிறார். மக்கள் அனைவரும் வெளியேறுகிறார்கள். 1099 இன் இரத்தத்துக்கு இது எத்தகைய மறுமொழி என்று பார்வையாளர் நெகிழ்கின்றனர். அந்த நெகிழ்ச்சிக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1187 அக்டோபர் 2 ஆம் நாள் எருசலேமில் படுகொலை நடக்கவில்லை. பாறைக் குவிமாடத்தின் உச்சியிலிருந்த பொற்சிலுவை இறக்கப்பட்டது. திருக்கல்லறைப் பேராலயம் இடிக்கப்படவில்லை. ஆனால் உயிருக்கு விலை இருந்தது. ஆணுக்குப் பத்துத் தினார், பெண்ணுக்கு ஐந்து, குழந்தைக்கு ஒன்று. கட்டுவதற்கு நாற்பது நாள். இப்பேரத்தைப் பெறுவதற்கே பாலியன், குவிமாடத்தை இடிப்போம், எங்களிடமிருக்கும் இசுலாமியக் கைதிகள் ஆயிரக்கணக்கானோரைக் கொல்வோம் என்று அச்சுறுத்தவேண்டியிருந்தது. அதுவும் திரையில் வீரமாகவே மாறியிருக்கிறது. ஏழைகளுள் ஏழாயிரம் பேருக்கென 30,000 தினார் மொத்தமாகப் பேசப்பட்டது. அத்தொகை, தாமஸ் பெக்கட் கொலைக்குப் பரிகாரமாக இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி அனுப்பி, மருத்துவச் சபையாரிடம் வைக்கப்பட்டிருந்த பணத்திலிருந்து கொடுக்கப்பட்டது என்று நாளாகமம் சொல்லுகிறது. ஒரு பேராயரின் இரத்தம் ஏழாயிரம் ஏழைகளை மீட்டதென்றால், அதைப் படமாக்க ஒருவரும் முன்வராதது விந்தை.

சலாவுதீனின் சகோதரர் அல்-ஆதில் தம் பங்காக ஆயிரம் பேரைக் கேட்டுப் பெற்று, அங்கேயே விடுவித்தார். முதியோர் பலரைச் சலாவுதீனே விலையின்றிப் போகவிட்டார். சபைகளின் கருவூலங்களும் ஆலயங்களின் பொன்னும் இன்னும் தாராளமாகத் திறந்திருந்தால் இன்னும் பலர் தப்பியிருப்பார்கள் என்பது அக்காலக் கிறிஸ்தவ எழுத்தாளரே எழுப்பிய முறையீடு. நாற்பது நாள் முடிந்தபோது எஞ்சியிருந்தவர்கள், சலாவுதீனின் செயலரான இமாதுத்தீனின் கணக்குப்படி, ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் பாதிக்கு மேல். அவர்கள் அடிமைகளாகப் பங்கிடப்பட்டனர். 144 நிமிடப் படத்திலும் 194 நிமிடப் படத்திலும் நகர வாயில் திறக்கிறது, எல்லாரும் நடந்து வெளியேறுகின்றனர். பத்து, ஐந்து, ஒன்று என்று எண்ணிக் கொடுக்கவேண்டிய காசு மேசை எந்த வடிவத்திலும் அங்கே போடப்படவில்லை.